அம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள்?

மெல்போர்னில் இருக்கும் அண்ணன், அம்மாவை நிரந்தரமாகத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறான். அந்த விசா விஷயமாக இன்று தாம்பரத்தில் ஒரு கன்சல்டன்ட்டைப் பார்க்கப் போனோம். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடியேறியதிலேயே பாதி உயிர் போய்விட்டது.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க மேடம்?" என்று கேட்டார் அங்கிருந்த பெண்.

"மூணு. பெரியவன் அங்க. இவளும் சின்னவனும் இங்க சேலையூர்ல" என்றார் அம்மா.

அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்ப கஷ்டம் மேடம். பிள்ளைங்கள்ல பாதிப் பேராவது ஆஸ்திரேலியாவுல இருக்கணும். அதான் ரூல்."

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "சின்னவன் ஜெபா எங்க சித்தி பையன். சித்தி தவறினதும் அம்மாதான் வளர்த்தாங்க. சட்டப்படி தத்தெல்லாம் எடுக்கல."

"அப்ப ரெண்டுதான்! பிரச்சினையே இல்ல. மேடம், ரெண்டுன்னு நீங்களே சொல்லிடுங்க, டைப் பண்ணிக்கறேன்."

அம்மாவை முழங்கையால் இடித்தேன். என் பக்கம் திரும்பினார்.

"கீழ வண்டியில உக்காந்திருக்கானே, அவன் யாரு?"

எழுந்து வந்துவிட்டோம்.

கேம்ப் ரோடு டிராஃபிக்கில் ஓட்டிக்கொண்டே ஜெபா கேட்டான். "என்னம்மா, விசா கிடைச்சிடுமா?"

"ஏதோ ரூலாம்டா. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

அண்ணன் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். நான் எடுக்கவில்லை.

இந்தப் பதிவு அண்ணனுக்கும் ஜெபாவுக்கும் தெரியாதபடி வைத்திருக்கிறேன். இரண்டு பேரிடமும் சொல்கிற மாதிரி ஒரே பொய் இருந்தால் சொல்லுங்கள். தனித்தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெம்பில்லை.