தகரத்துக்கு அந்தப் பக்கம்

இது நடந்தது. நம்பாதவர்கள் செங்கல்பட்டுக்குப் போய் ஜெபாவையே கேட்கலாம். சொல்வாள். ஆனால் பகலில் போய்க் கேட்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு போனால் பேச்சு வராது, கண்ணீர்தான் வரும்.

அப்போது ஜெபாவும் அவள் புருஷன் ஜெரோமும் திருப்போரூரில் இருந்தார்கள். நெம்மேலிக்குப் போகிற ரோட்டில், உப்பங்கழி வருவதற்கு முன்னால் ஒரு மண்பாதை இறங்கும். அதன் கோடியில் அவர்கள் தெரு. அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்களின் பிள்ளைகள், கம்பெனி வேலைக்குப் போயும் வண்டி ஓட்டியும் கட்டிய சின்னச் சின்ன வீடுகள். ஜெபாவுக்கு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. ஜெரோம் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டினான். பாதி நாள் ராத்திரி வண்டி. மகள் ஷாரோன் மூன்றாம் வகுப்பு, நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம்.

அந்த இடத்தின் மேல் வில்லா கட்டுகிறவர்களின் கண் விழுந்தது. புரோக்கர் பன்னீர்செல்வம் பைக்கில் வரத் தொடங்கினார். முதலில் கோடி வீடு போனது. அப்புறம் அதற்கு அடுத்தது. ஒருவர் விற்றால் பக்கத்தில் இருப்பவருக்குத் தனியாக நிற்கப் பயம் வரும். அவரும் விற்பார். கடைசியில் எதிர் வீட்டு பாப்பாவும் போனாள். பாப்பாவுக்கு விருப்பமே இல்லை. மகன் திருவேங்கடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மாவைக் கூடுவாஞ்சேரியில் நாலாவது மாடி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஜெபா மட்டும் விற்கவில்லை. விற்ற காசில் அந்தப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகைகூட வாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். பன்னீர்செல்வம் வாரம் தவறாமல் வந்து வாசலில் நிற்பார்.

"ஒண்டியா இன்னாத்தம்மா காவல் காத்துகினு கீற? ஆளே இல்ல. இனிமே இது தெருவும் இல்ல."

அவர் சொன்னது மெய்தான். வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். ஆளுயரத்துக்கு மேல் தகர ஷீட்டால் வேலி அடைத்தார்கள். ஷீட் முழுக்க நீச்சல் குளமும் தென்னை மரமும் சிரிக்கிற குடும்பமுமாகப் படம். ஜெபா வீட்டுக்குப் போக, இரண்டு பக்கமும் தகரம் வைத்த ஒரு சந்து மட்டும் மிச்சம். தெரு விளக்குக் கம்பத்தையும் பிடுங்கிவிட்டார்கள். சந்து முனையில் வாட்ச்மேன் உட்கார்ந்துகொண்டு, "எங்க போறீங்க? யாரைப் பார்க்கணும்?" என்று தினமும் அவளையே கேட்டான். போன் மேப்பில் தெருவின் பேர் மாறி, ஏதோ இங்கிலீஷ் பேர் வந்திருந்தது. ஷாரோனுடன் படிக்கும் பிள்ளையின் அம்மா ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் வைத்துக் கேட்டாள்: "அங்கே இன்னும் ஆளுங்க இருக்காங்களா?"

ஜெபா சிரித்துவிட்டு வந்தாள். சிரிப்பு வீடு வரை வரவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியது. வேலிக்குள் அஸ்திவாரத்துக்கு ஆழமாகப் பள்ளம் தோண்டி, அப்படியே போட்டுவிட்டு வேலையை நிறுத்தியிருந்தார்கள். கேட்டுக்குப் பூட்டு.

அப்படி ஒரு சாயங்காலம் அவள் சந்தில் வந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது.

"பா... பா... பா... பா..."

கோழியைக் கூப்பிடுகிற சத்தம். நடுவில் நாக்கைத் தட்டி ஒரு "டொக்". பாப்பா அப்படித்தான் கூப்பிடுவாள். ஜெபா நின்று கேட்டாள். சத்தம் நின்றது. உள்ளே யாராவது கோழி வளர்க்கிறார்களா என்று வாட்ச்மேனிடம் விசாரித்தாள். உள்ளே தண்ணீர்தான் நிற்கிறது, ஒரு ஆளும் போவதில்லை என்று அவன் அரைகுறைத் தமிழில் சொன்னான்.

மறுநாள் கருவாடு வறுக்கிற வாசனை. கடையில் காய்ந்து கிடக்கிற வாசனை இல்லை, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்குகிற வாசனை. தகரத்துக்கு உள்ளேயிருந்து வந்தது. அதற்கு அடுத்த நாள் குக்கர் விசில். டி.வி. சீரியல் பாட்டு. யாரோ குழந்தையை அதட்டும் குரல்.

ஜெரோமிடம் சொன்னாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னான்: "கழியில காத்து அடிச்சா தகரம் பாட்டே பாடும். போய்ப் படு."

கருவாட்டு வாசனையையும் காற்றுதான் கொண்டுவந்ததா என்று அவள் கேட்கவில்லை. அவன் தூங்கிவிட்டான்.

பிறகு ஷாரோன்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த குழந்தை பென்சிலை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தது. அடுக்களையிலிருந்து ஜெபா எட்டிப் பார்த்து, என்ன என்றாள்.

"பாப்பா ஆயா கூப்புடுதும்மா."

"எங்க?"

"தகரத்துக்கு அந்தப் பக்கம். உங்க வூடு எங்கடி போச்சுன்னு கேக்குது."

ஜெபா கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். அதட்டி, குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பொய் சொல்கிற பிள்ளை இல்லை அது. அன்றைக்கு ஜன்னலைச் சாத்தியவள் திறக்கவே இல்லை.

இனி வருவதுதான் ஜெபா சொல்லும்போது குரல் நடுங்கும் இடம்.

அடுத்த நாள் காலையிலிருந்து விடாத மழை. சாயங்காலம் விட்டது. ஜெரோம் ராத்திரி வண்டிக்குப் போய்விட்டான், ஷாரோன் வீட்டில் தனியாக இருந்தாள். ஜெபா வேலை முடித்து வந்தபோது மணி ஆறு தாண்டியிருக்கும். வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. சந்துக்குள் இல்லை. வாட்ச்மேன் நாற்காலி காலியாக இருந்தது.

பாதி தூரம் வந்தாள்.

"பா... பா... பா..."

இந்தத் தடவை சத்தம் நிற்கவில்லை. ஒரு தெரு முழுக்க அந்த நேரத்தில் எழுகிற சத்தம் அத்தனையும் கேட்டது. தண்ணீர்க் குடம். சைக்கிள் ஸ்டாண்டு. பேச்சு. சிரிப்பு.

தகரத்தில் போல்ட் கழன்ற ஓட்டை ஒன்று இருந்தது. அவள் கண் உயரத்தில். அதன் வழியாக மஞ்சளாக ஒரு வெளிச்சம்...

பார்க்கக் கூடாது என்று மனசு சொன்னது.

பார்த்தாள்.

தெரு இருந்தது.

இடித்துத் தள்ளிய வீடுகள் எல்லாம் நின்றன. எல்லா வாசலிலும் விளக்கு. ஒருத்தி தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒருவர் பனியனோடு பேப்பர் படித்தார். எல்லாரும் தெரிந்த முகம். பாப்பா முறத்தோடு குனிந்து கோழிகளுக்கு நொய் இறைத்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டையில் கண்ணை வைத்த கணத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வாய்கள் அசைந்தன. சத்தம் இல்லை.

ஜெபா தன் வீட்டைத் தேடினாள்.

பாப்பா வீட்டுக்கு எதிரே... அவள் வீடு இருக்க வேண்டிய இடத்தில்...

பள்ளம்.

கறுப்பாக, தண்ணீர் கட்டி, பெரிய பள்ளம். அவள் வீட்டுப் பின்பக்கத்து முருங்கை வேரோடு சாய்ந்து அதற்குள் தலைகீழாகத் தொங்கியது.

பாப்பாவின் கை நின்றது.

மெல்ல நிமிர்ந்தாள். திரும்பினாள். நேராக ஓட்டையைப் பார்த்தாள்.

அப்புறம் தலை வாரியவள் திரும்பினாள்.

பேப்பர் படித்தவர்.

ஒவ்வொருவராக...

தெருவே அவளைப் பார்த்தது.

விளக்கெல்லாம் ஒன்றாக அணைந்தது.

இருட்டு.

ஜெபாவால் கண்ணை எடுக்க முடியவில்லை.

டொக்.

தகரத்தில். அவள் முகத்துக்கு நேரே. உள்ளேயிருந்து.

டொக்... டொக்...

"யாரு?"

பாப்பாவின் குரல். நடுங்கியது. பயந்துபோய்க் கேட்கிற குரல்.

அது ஜெபாவைக் கண்டு பயந்திருந்தது.

எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. செருப்பு சந்திலேயே கிடந்தது. வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டு, ஷாரோனைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மூச்சு வந்ததும் ஒரே ஒரு நினைப்பு. பாப்பாக்கா செத்துப்போய்விட்டாள்.

கூடுவாஞ்சேரிக்குப் போன் போட்டாள். பாப்பாவின் மருமகள் ஸ்ரீதேவி எடுத்தாள். பாப்பாக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டதுமே அந்தப் பக்கம் அழுகை வந்துவிட்டது.

"நானே பண்ணலாம்னு இருந்தேங்க்கா. அத்தை நல்லாத்தான் கீது. ஆனா பொழுது சாஞ்சா பால்கனில குந்திகினு கோழியக் கூப்புடுது. இன்னிக்கு யாரு யாருன்னு கேட்டுட்டு ஒரே கத்தல். வேலி ஓட்டைல ஒரு கண்ணு பாக்குதாம்."

உயிரோடு இருக்கிறாள். அதைக் கேட்டு ஜெபாவுக்கு நிம்மதி வரவில்லை. அந்தக் கண் அவளுடையது.

"என் வூட்டப் பத்தி எதுனா சொல்லுச்சா?"

ஸ்ரீதேவி பேச்சை மாற்றப் பார்த்தாள்.

"சொல்லு ஸ்ரீதேவி."

"ஜெபா வூடு இல்ல, பள்ளந்தான் கீதுன்னு சொல்லுதுக்கா. போன வாரத்துலேருந்து தெனமும் அதான் சொல்லுது."

ஜெபா அதற்கு மேல் யோசிக்கவில்லை. கையில் கிடைத்ததை ஒரு பையில் திணித்தாள். ஷாரோனைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கத்து முள்வேலியைப் பிரித்து இறங்கி ரோட்டுக்கு வந்தாள். ஆட்டோ பிடித்து திருக்கழுக்குன்றத்தில் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஜெரோமைப் போனில் கூப்பிட்டு, வண்டி முடிந்ததும் நேராக அங்கே வந்துவிடு, வீட்டுக்குப் போகாதே என்று அழுதாள். அவன் திட்டினான். ஆனாலும் அவள் அழுததைக் கேட்டு, அங்கேயே வந்தான்.

அன்றைக்கு மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. விடியும்போது பன்னீர்செல்வத்திடமிருந்து போன். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பள்ளத்தின் கரை சரிந்து, ஜெபாவின் வீடு சுவரோடு உள்ளே போயிருந்தது. அவர்கள் மூன்று பேரும் பாய் விரித்துப் படுக்கிற அறைதான் முதலில் போனது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஜெரோம் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். போனில் எடுத்த படத்தை அவளிடம் காட்டினான். கறுத்த தண்ணீர். வேரோடு தலைகீழாகத் தொங்கும் முருங்கை. ஜெபா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு காற்று, தகரம் என்று ஜெரோம் ஒரு நாளும் சொன்னதில்லை.

வீடே இல்லாத மனையை வைத்துக்கொண்டு யாரோடு மல்லுக்கு நிற்பது? கையெழுத்துப் போட்டார்கள். செங்கல்பட்டில் வாடகைக்கு வந்தார்கள். ஷாரோனுக்கு வேறு பள்ளிக்கூடம், ஜெபாவுக்கு வேறு கடை. பாப்பா ஏதோ ஒரு வகையில் தங்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறாள் என்று ஜெபா மனசைத் தேற்றிக்கொண்டாள். கதை அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து, ஒரு கோடையில், வில்லாக்களுக்கு ஆட்கள் குடிவரத் தொடங்கியதாகக் கேள்விப்பட்ட சமயம். ஒரு சாயங்காலம் ஸ்ரீதேவி போன் செய்தாள். அத்தை இப்போது கத்துவதில்லை, அழுவதில்லை, பால்கனியில் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறது என்றாள். பள்ளம் மூடிவிட்டது, தெருவில் எல்லாரும் வந்தாயிற்று என்று சொல்கிறதாம்.

ஜெபாவுக்கும் பேச ஆசை வந்தது. போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"யாரு?" என்றாள் பாப்பா.

"நான் ஜெபா பேசுறேங்க்கா."

பாப்பா, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பொய் சொல்லாத. ஜெபா என் எதுத்தாப்புல வாசல்ல குந்திகினு கீறா. நீ யாரு?"

ஜெபா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

அந்த பால்கனியில் பாப்பாவையும் ஸ்ரீதேவியையும் தவிர ஒருவரும் இல்லை. ஸ்ரீதேவி சாமி மேல் சத்தியம் பண்ணுகிறாள். தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொல்கிறாள்.

ஆனால் ஜெபாவுக்குக் கேட்டது. போனில், கொஞ்சம் தள்ளியிருந்து, இன்னொரு பெண் குரல்.

"யாருக்கா போன்ல?"

அது ஜெபாவின் குரல்.