கதிரையோடு வந்த விருந்தாளிகள்

போன சனிக்கிழமை ஹோம்புஷ் கடையொன்றில் சிவப்பரிசி மாவுக்குப் பக்கத்தில் ஆபிரிக்க வெள்ளைச் சோள மா அடுக்கியிருந்தார்கள். ஒரு பையைத் தூக்கி மணந்து பார்த்தேன். கல்லாவில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுக்கு நீமாவைத் தெரியாதே!

எழுபதுகளின் நடுவில், ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில், இந்த இரண்டு மாவுமே எங்கள் கண்ணில் பட்டதில்லை. கோதுமை மாவை அவித்து அரித்துத்தான் என் மனைவி பிட்டு அவிப்பாள். நான் ஓர் அலுவலகத்தில் வரைபடம் கீறிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்தவரின் தேவாலயம் தான்சானியாவிலிருந்து ஒரு சமூக ஊழியரை அழைத்திருந்தது. தங்கவைக்க இருந்த குடும்பத்தில் எல்லோருக்கும் காய்ச்சல்.

"பத்து நாள்தானே, கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றாள் மனைவி. எங்களுக்கு இருந்தது ஒரே அறை. அதை அந்த ஊழியர் நீமாவுக்குக் கொடுத்துவிட்டு ஹோலில் படுத்தோம்.

நீமாவுக்கு நாற்பது வயதிருக்கும். தன் ஊரில் வெள்ளைச் சோள மாவில் கிண்டிய களிதான் சாப்பாடு என்பார். ஊர் ஊராகப் போய்த் தாய்மாரைக் கூட்டிச் சங்கம் அமைப்பார், கிணறு வெட்டுவிப்பார். வந்த அன்றே, தேத்தண்ணீர் குடித்தபடி, இந்தக் கட்டடத்தில் எத்தனை வீடு என்று கேட்டார். எட்டு என்றேன். யார் யார் இருக்கிறார்கள்? குடிவந்து இரண்டு வருடம். தெரிந்தது கீழ்வீட்டுக் கிழவரை மட்டும்தான். அதுவும் அவர் கதவுக்கடியில் தள்ளிவிட்ட துண்டுக் காகிதத்தால்: உங்கள் சமையல் நாற்றம் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து யன்னலை இறுக்கிச் சாத்திவிட்டுத்தான் செத்தல் மிளகாய் தாளிப்போம். இருமி இருமியே சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் வேலையால் வந்தவனை மனைவி வாசலிலேயே மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, இவா எல்லா வீட்டுக்காரரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுட்டா!"

"கீழ்வீட்டுக் கிழவரையுமோ?"

"ஓம். முதல் தட்டினதே அவற்ற கதவாம்."

"எங்களிட்ட குந்துறதுக்கு ரெண்டு கதிரைதானே இருக்கு?"

"ஆளாளுக்குக் கதிரையும் கொண்டு வரச் சொல்லியாச்சாம்."

குசினியில் நீமா வெங்காயம் உரித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். மனைவி, "இத்தனை பேரையும் புகைக்குள்ள வச்சுக் கொல்லேலுமோ?" என்று யன்னலைத் திறந்தாள்.

கதிரைகள் வரத் தொடங்கின. ஒரு கிரேக்கத் தம்பதி, ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி, பிறகு யார் யாரோ. கடைசியாகக் கிழவர், கதிரையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பிட்டும் கோழிக்கறியும் கொடுத்தோம். கிழவருக்குக் காதுமடல் சிவந்தது, மூக்கைத் துடைத்தார், தட்டைத் திரும்பவும் நீட்டினார். இரண்டு வருடமாக இதையா சமைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் நீமா போன மறுவாரம் கதவுக்கடியில் இன்னொரு துண்டு வந்தது. பயந்து பயந்து விரித்தோம். "இன்று கோழியா?"

நீமாவின் கடிதங்கள் சில வருடங்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் எட்டு வீட்டாரையும் விசாரித்து. பிறகு நின்றுவிட்டன. கிழவரும் போய்விட்டார். அந்தக் கட்டடத்தை இடித்து இப்போது பதினாலு மாடி எழுப்பியிருக்கிறார்கள். தெருவாசலில் பொத்தானை அழுத்தி, எந்த வீட்டுக்கு, யாரைப் பார்க்க என்று சொன்னால்தான் திறக்கும். ஆளைத் தெரியாமல் போய்க் கதவு தட்ட அங்கே வழியில்லை.