காலியாகப் போன ஜன்னலோரச் சீட்

1959-ஆம் வருஷம், ஜூன் மாதம், பள்ளிக்கூடங்கள் திறக்கிற சமயம். அப்போது புதுக்கோட்டை தனி மாவட்டமாக ஆகவில்லை, திருச்சி ஜில்லாவோடுதான் இருந்தது. குடுமியான்மலைப் பக்கம் எங்கள் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, காலையில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினேன். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தவனுக்கு, ஒருவழியாக ஆலங்குடிப் பக்கத்தில் ஆரம்பப் பள்ளி வேலை கிடைத்திருந்தது. அன்றைய தேதிக்குள் ஆலங்குடி ஆபீஸில் அசல் சான்றிதழ்களோடு ஆஜராக வேண்டும், தவறினால் உத்தரவு ரத்து என்று ஆர்டரில் கண்டிப்பாக எழுதியிருந்தது.

தபால் தாமதமாக வந்ததால் எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான். கையில் ஒரு காக்கித் துணிப்பை. அதற்குள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், பயிற்சிச் சான்றிதழ், ஆர்டர் மூன்றும் இருந்தன. உடம்பில் வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் என் மச்சானிடம் இரவல் வாங்கிய கைக்கடிகாரம். வாத்தியார் என்றால் கடிகாரம் கட்டியிருக்க வேண்டும் என்று யார் சொன்னார்களோ, நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் பஸ்ஸில் இடம் பிடிப்பது எப்படி என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். பஸ் வந்து நின்றதும் வாசல் பக்கம் கூட்டம் முட்டும். விவரமானவர்கள் வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிடுவார்கள். துண்டு எந்தச் சீட்டில் விழுந்ததோ அது அவருடைய சீட். அதற்கப்புறம் அவர் நிதானமாக வெற்றிலை போட்டுவிட்டு வரலாம். துண்டு, குடை, பை எதுவானாலும் செல்லும். செய்தித்தாள் மட்டும் கொஞ்சம் சந்தேகம், காற்றடித்தது என்று சொல்லி யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். எழுதி வைக்காத சட்டம் அது. எவ்வளவு பெரிய சண்டைக்காரனும் இன்னொருவர் துண்டில் கை வைக்க மாட்டான்.

நான் வைத்தேன்.

ஆலங்குடி, கீரமங்கலம் வழியாகப் பேராவூரணி போகிற பஸ் வந்து நின்றது. நான் போவதற்குள் எல்லாச் சீட்டிலும் துணி விழுந்துவிட்டது. ஜன்னலோரச் சீட் ஒன்றில் மட்டும் துண்டு இல்லை. சுருட்டிய அழுக்குத் துணி ஒன்று கிடந்தது. பார்த்ததுமே தெரிந்தது, தலையில் கூடை தூக்குகிறவர்கள் கூடைக்கு அடியில் சுருட்டி வைத்துக்கொள்கிற சும்மாட்டுத் துணி. வேலையில் சேரப்போகிற வாத்தியார் நிற்பதா, கூடைக்காரி உட்காருவதா? அப்படித்தான் நினைத்தேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அந்தத் துணியை இரண்டு விரலால் தூக்கிக் கீழே போட்டேன். அந்த இடத்தில் என் பையை வைத்தேன்.

டிரைவர் டீக்கடையில் இருந்தார். இடம் பிடித்தாயிற்று, இனி என்ன அவசரம் என்று நானும் பக்கத்துக் கிளப்புக் கடைக்குள் நுழைந்தேன். இரண்டு இட்லியோடு எழுந்திருக்கலாம். சாம்பார் நன்றாக இருந்தது, இன்னும் இரண்டு கேட்டேன். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் பஸ்ஸைக் காணோம்.

வயிற்றில் இட்லி கல்லாகிவிட்டது. "பேராவூரணி வண்டியா? அது இந்நேரம் ஊரத் தாண்டியிருக்குமே" என்றார் அங்கே நின்ற ஒருவர். அடுத்த பஸ் எப்போது என்று ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். என் பை தானாக இறங்கிக்கொள்ளாது. பேராவூரணி வரைக்கும் போய், அங்கே யார் கையில் சிக்குமோ! எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் போனால் மறுபடி வாங்குவதற்குள் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். ஒரு வாடகை சைக்கிள் கடைக்கு ஓடினேன். முகம் தெரியாதவனுக்கு வெளியூருக்குச் சைக்கிள் தர மாட்டேன் என்றார் கடைக்காரர். மச்சானின் கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். சைக்கிள் வந்தது.

ஆலங்குடிக்குப் பன்னிரண்டு மைல். எதிர்காற்று, மண்டையைப் பிளக்கிற வெயில். வெள்ளைச் சட்டை செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. திருவரங்குளத்தில் ஒருவர் ரோட்டோரம் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். இந்த வழியாகப் பேராவூரணி பஸ் போனதா என்று கேட்டேன்.

"அதுலதானப்பா நின்னுக்கிட்டே வந்தேன்" என்று அவர் குமுறினார். "ஒரு சீட்டு காலியாக் கெடக்கு. ஒரு பொம்பள உக்கார விடலையே! அதுவும் உக்காரல, எங்களையும் விடல. பையக் காட்டிக் காட்டி, ஆள் இருக்கு, ஆள் இருக்குங்குது. எந்த ஆளு? ஒருத்தனையும் காணோம்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த மகராசி யார் என்று எனக்குத் தெரியாது. எந்தச் சாமியோ என் பையைக் காவல் காக்க வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மிதித்தேன். வம்பன் தாண்டும்போது தொடை மரத்துப்போயிற்று.

ஆலங்குடி பஸ் நிற்கும் இடத்தில், வேப்ப மரத்தடியில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய இரண்டு கூடைகள், பலாப்பழ வாசனை. மடியில் என் காக்கிப் பை. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், "அக்கா, அது என் பைதாங்க" என்று கையை நீட்டினேன்.

அவர் பையை இறுக்கிக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஒன் பையா? இந்தப் பைய வச்ச கையி கடியாரம் கட்டுன கையி. ஒன் கையில கடியாரத்தக் காணோமே? நான் பஸ்ஸுக்கு அங்கிட்டு நின்னு கூடைய மேல ஏத்திக்கிட்டுருந்தேன். இங்கிட்டு ஜன்னல்ல நொழைஞ்ச கைய நல்லாப் பாத்தேன். மூஞ்சிதான் தெரியல. கையத் தெரியும்."

எனக்குப் புரிந்துவிட்டது. கீழே விழுந்த துணி இவருடையது. இரண்டு விரலால் தூக்கியதையும் பார்த்திருக்கிறார். இப்போது பை வேண்டுமென்றால் அந்தக் கை என்னுடையது என்று நானே சொல்ல வேண்டும். பெயர் இது, படிப்பு இது என்று சொல்லி பைக்குள் இருக்கும் ஆர்டரைப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம்தான். ஆனால் அவருக்கு எழுத்து தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை, அவருக்குத் தெரிந்த ஒரே சாட்சி அந்தக் கைதான். பஸ்ஸுக்கு நின்ற பத்துப் பேர் வேறு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கத்தில் உடம்பு கூசிப்போயிற்று.

"நான்தான் அக்கா. ஒங்க துணியக் கீழ தள்ளுனதும் நான்தான். கடியாரத்தச் சைக்கிள் கடையில வச்சுட்டு வாரேன்" என்றேன். கடிகார வார் இறுக்கியிருந்த தடம் மட்டும் இன்னும் மறையாமல் கிடந்தது. மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினேன்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். அந்த வசவையெல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியதைச் சொல்கிறேன்.

"கூறுகெட்ட பயலே! துணி அழுக்குன்னா அதப் போட்டவளுக்குக் காலு வலிக்காதா? நீ ஏறுனதும் நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கணும்னுதான்டா அந்தச் சீட்ட ஒருத்தருக்கும் விடாம வச்சிருந்தேன். நானே உக்காந்துட்டா ஒன்ன எப்புடிக் கேக்குறது? நீ வரவே இல்லையே!"

படியில் தொங்கிக்கொண்டு வருகிறான் போலிருக்கிறது, கூட்டம் குறைந்ததும் வருவான் என்று திருவரங்குளம் வரை நின்றிருக்கிறார். அங்கே கண்டக்டர் தேடிப் பார்த்துவிட்டு, பைக்காரன் பஸ்ஸிலேயே இல்லை என்று சொன்ன பிறகுதான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பக்கத்தில் இருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் காகிதத்தைப் பிரித்துப் படித்துப் பார்த்து, "வேலைக்கான காகிதம், இன்னைக்கே ஆலங்குடியில குடுத்தாகணும்" என்று சொல்லியிருக்கிறார். பையைப் பேராவூரணியில் பத்திரமாக ஒப்படைத்துவிடுகிறேன் என்று கண்டக்டர் கேட்டதற்கு இவர் தரவில்லை. கீரமங்கலம் போக வேண்டியவர், ஆலங்குடியிலேயே கூடைகளோடு இறங்கிவிட்டார்.

"ஏன்க்கா எறங்குனீங்க?" என்று கேட்டேன்.

"ஒனக்காகவா எறங்குனேன்? ஒன்னப் பெத்தவ வீட்டுல காத்துக்கிட்டு இருப்பாள்ல" என்றார். அதைச் சொன்னதும் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. "இந்தா பையி, வாயப் பாத்துக்கிட்டு நிக்காத. மொதல்ல போயி அந்தக் காகிதத்தக் குடுத்துட்டு வா."

ஓடினேன். சட்டையைப் பார்த்து முகம் சுளித்த குமாஸ்தா, சான்றிதழ்களைப் பார்த்ததும் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

திரும்பி வரும்போது அந்த அக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தார். எனக்காக இல்லை, பஸ் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கீரமங்கலம் போகிற பஸ் வந்தது. கூட்டம் வாசலை நோக்கிப் பாய்ந்தது. அவர் எழுந்து கூடையைத் தூக்குவதற்குள் நான் அவருடைய சும்மாட்டுத் துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஓடினேன். வியர்வையும் பலாப்பாலும் ஏறிப் பிசுபிசுத்த துணி. அதை இரண்டு கையாலும் ஜன்னலோரச் சீட்டில் விரித்து வைத்துவிட்டு, அங்கேயே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சலவை ஜிப்பா போட்ட ஒருவர் உள்ளே வந்தார். துணியைப் பார்த்து மூக்கைச் சுருக்கிக்கொண்டு, அதைத் தூக்க இரண்டு விரலை நீட்டினார். அந்த இரண்டு விரலைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது.

"ஆள் இருக்குங்க" என்றேன். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது.

அவர் என் அழுக்குச் சட்டையைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் போனார். கூடைகளை மேலே ஏற்றிவிட்டு வந்த அக்கா, துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "எலேய், பை எங்கடா?" என்று அதட்டினார். தோளில் கிடந்த பையைத் தூக்கிக் காட்டினேன். அதற்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார். பஸ் போய்விட்டது.

அந்தப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தில்தான் முப்பத்தைந்து வருஷம் வாத்தியாராக இருந்தேன், என் பிள்ளைகள் படித்தார்கள். அதன் பிறகு எத்தனையோ தடவை கீரமங்கலம் சந்தையில் தேடியும் அவரைப் பார்க்க முடியவில்லை. இன்றைக்கும் பஸ்ஸில் ஏறும்போது ஏதாவது ஒரு சீட்டில் பழந்துணி கிடந்தால், அந்த அக்கா கூடையை ஏற்றிவிட்டு வந்துகொண்டிருப்பது போலவே எனக்குத் தோன்றுகிறது. கால் எவ்வளவு வலித்தாலும் நின்றுகொண்டேதான் ஊர் போய்ச் சேருகிறேன்.