பந்தடி வைரவர்

லண்டன் மோர்டன் பக்கத்துத் தமிழ்ச் சங்க மண்டபச் சுவரில் குடியிருந்த பந்தடி வைரவர், உயிரோடு இருந்த காலத்தில் ஹேர்பேட் ஸ்னெல் என்ற வெள்ளைக்காரர். தேவாரமும் தெரியாது, திருநீறும் தெரியாது. சம்பளத்துக்குக் கால்பந்தடித்தவர், பிறகு முதலாம் உலகப் போருக்குப் போய்ச் செத்தவர். அவர் நினைவாகத் தேவாலயத்துக்காரர்கள் சுவரில் ஒரு கல் பதித்திருந்தார்கள். தேவாலயத்துக்கு ஆள்வரத்து நின்றுபோகவே, கட்டடத்தைச் சங்கம் வாங்கியது. கல்லை மரியாதையாக வைத்திருப்போம், இல்லையென்றால் குடும்பத்தார் கழற்றிக்கொண்டு போகலாம் என்று பேச்சு.

மண்டபத்தைத் திறந்து பூட்டுகிற ஞானேஸ்வரன்தான் குடிபுகுந்த அன்று வினையை இழுத்துவிட்டவர். கதவு, நிலை, தூண், தேநீர்க் கேத்தில் என்று கண்டதுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர், அந்த வேகத்தில் கல்லுக்கும் ஒன்று வைத்துவிட்டார். பொட்டு வைத்த கல்லைக் கண்டால் நம் சனத்துக்குக் கை சும்மா இருக்குமா? அடுத்த வாரம் யாரோ ஒரு ரோசாப்பூ வைத்தார்கள். அதற்குப் பிறகு சங்கத்து உறுப்பினர் ஜெயகௌரி, குரோய்டனுக்கு விசா விசாரணைக்குப் போகிற வழியில் கும்பிட்டுவிட்டுப் போனார். விசா கிடைத்தது. அவ்வளவுதான், கல்லில் எண்ணெயும் குங்குமமும் ஏறின, முன்னால் தேங்காய் உடையத் தொடங்கியது. கல்லில் செதுக்கியிருந்த பந்தைப் பார்த்துப் பெயரும் சூட்டிவிட்டார்கள்.

ஞானேஸ்வரனுக்குப் பக்தி கொஞ்சம் தூரம். ஆனாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் கல்லுக்கு ஒரு பூ வைப்பார். அவருடைய தம்பி சிவதர்ஷன் ஊரில் கோல் காத்தவன். பெனால்டி அடிக்க வருகிறவனைப் பார்த்து முதலிலேயே சிரிக்கிற திமிர் பிடித்தவன். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு அங்கே நடந்த போருக்குப் போனான், வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை, நட்டுவைத்த கல்லும் இல்லை. பூ வைக்க ஓர் இடம் வேண்டுமே என்றுதான் ஞானேஸ்வரன் ஸ்னெல்லிடம் ஒட்டிக்கொண்டார். வாய்விட்டுச் சொன்னால் அழுகை வந்துவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு வசந்தத்தில் ஸ்னெல்லின் மகள் ஈடித் தொலைபேசியில் வந்தார். தொண்ணூறு தாண்டிய கிழவி. அப்பாவின் கல் பார்ப்பாரில்லாமல் கிடப்பதாக நினைத்து, தன் தேவாலயத்துக்கு எடுத்துப்போகச் சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். ஞானேஸ்வரனுக்கு ஒரே கவலைதான். கல் போனால் தம்பியும் போய்விடுவான்.

சங்கத் தலைவர் செல்வரத்தினத்துக்கு வேறு கவலை.

“ஞானேஸ், உந்தக் குங்குமத்தைக் கழுவிவிடும். மனுசி கண்டால் தேப்பனுக்கு என்ன செய்து வைச்சிருக்கிறியள் எண்டு கேப்பா.”

“எண்ணெய் கல்லுக்குள்ள இறங்கிட்டுது அண்ணை. கழுவ ஏலாது.”

“அப்ப துணியால மூடும்.”

கைக்குக் கிடைத்தது கல்யாண மேடைக்கு வைத்திருந்த சிவப்புப் பட்டு. மூடிவிட்டுப் பார்த்தால் ஸ்னெல் முன்னைவிடச் சாமியாகத் தெரிந்தார்.

ஈடித் வந்ததும் வராததுமாகக் கைத்தடியால் பட்டை இழுத்துத் தள்ளினார். கறுத்த கல், குங்குமம், எலுமிச்சை மாலை. செல்வரத்தினம் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கலாசாரம் பற்றி ஆங்கிலத்தில் பேசத் தொடங்க, கிழவி கையமர்த்தினார்.

“இவரிடம் யார் வருகிறார்கள்?”

“விசாவுக்குப் போகிறவர்கள்,” என்றார் ஞானேஸ்வரன், தெரிந்த ஆங்கிலத்தில். “போட்டிக்குப் போகிற பந்தாட்டக்காரர்களும்.”

“அப்பாவிடமா?” கிழவி இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, தாய் சொன்னதை அப்படியே சொன்னார். எரிவாயுத் தொழிற்சாலையில் கரி அள்ளியவர் ஸ்னெல். பந்தடிக்கவும் காசு தருவார்கள் என்று தெரிந்ததும் மண்வெட்டியை எறிந்துவிட்டுப் போனார். பெரிய போட்டியொன்றில் அவர் அடித்த பெனால்டி மதிலைத் தாண்டி மீன்கடைக்குள் விழுந்தது. பிறகு நெடுநாள் வீட்டுக்குப் பின்வாசலால்தான் வந்தார். போரிலோ, வீரமரணம் என்று கல் சொன்னாலும், ஆள் இறைச்சிக் குழம்புக் கிடாரம் சுமந்துகொண்டு போயிருக்கிறார். குண்டு விழுந்தது. கிடாரமும் இல்லை, அவரும் இல்லை.

“குடிகாரர் என்று அம்மா ஒரு பூக்கூட வைக்கவில்லை. எனக்கு அவரைப் பற்றிப் பியர் வாசம் மட்டும்தான் நினைவிருக்கிறது.” மாலைக்குக் கீழே கிடந்த வாடாத பூவைக் கிழவி தொட்டார். “இது யார் வைத்தது?”

“நான்தான்,” என்றார் ஞானேஸ்வரன். மறைக்க முடியவில்லை. “அவருக்கு இல்லை. என் தம்பிக்கு. அவனும் போரில் போனான். அவனுக்குக் கல் இல்லை.”

கிழவி எழுந்து பட்டை மடித்து ஞானேஸ்வரன் கையில் கொடுத்தார்.

“கல் இங்கேயே இருக்கட்டும். பூ உங்கள் தம்பிக்கே. அப்பாவுக்கு ஒரு கிளாஸ் பியர் வையுங்கள்.”

மச்ச மாமிசம் தொடாத சைவரான செல்வரத்தினத்துக்குப் புரையேறியது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஞானேஸ்வரன் கல்லின் ஒரு பக்கம் பூவும் மறுபக்கம் நுரை பொங்கப் பியரும் வைத்தார். செல்வரத்தினம் கண்டும் காணாதவர்போல வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஞானேஸ்வரன் கல்லோடு நெற்றி முட்ட நின்று, தம்பியோடு முதல்முறையாக வாய்விட்டுப் பேசினார்.

“சிவா, அந்தாள் பெனால்டி அடிக்க வந்தால் பிடிக்காதை. ஒண்டை விட்டுக்குடடா.”