பற்றரியில் ஊற்றிய பிளேன்டீ

இதை எழுதாமலே விட்டுவிடத்தான் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். ஆனால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் தினமும் என் கூட்டாளியைப் பார்க்கிறேன். லொறி ஓட்டிய கையில் இப்போது புல்வெட்டுக்குப் போகும் சுரண்டி.

அவன் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி டிரைவராக இருந்தான்; நான் கிளீனர். லொறிப் பற்றரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி கட்டும். வயர்க் கவ்விகளைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரில் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, மறுபடி முடுக்கிய பிறகுதான் மேலே கிரீஸ் பூச வேண்டும்.

"பூ பூத்திருச்சுடா, இன்னைக்கே கழுவிடு" என்றான் ஒருநாள்.

"இருக்கட்டும்டா, பறிச்சு ஒம் பொண்டாட்டி கொண்டையில வைக்கலாம்."

"வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல. கழுவுடா!"

அன்று குளிரில் விரல் மடங்கவில்லை. தண்ணீர் காய்ச்ச மேலே லயத்து வீட்டுக்கு ஏற வேண்டும். கையில் பாதி குடித்த பிளேன்டீ சூடாக இருந்தது. கவ்வியைக் கழற்றாமல் அதை அப்படியே மேலே ஊற்றினேன். வெளியில் தெரிந்த பொடி கரைந்து ஓடியது. கிரீஸை அள்ளி அப்பினேன்.

"கழுவிட்டியா?"

"மாப்பிள்ளை மாதிரி ஜோடிச்சு வச்சிருக்கேன், போய்ப் பாரு."

சிரித்தான், போய்ப் பார்க்கவில்லை.

வழக்கமாக அவன் இறக்கத்தில்தான் லொறியை நிறுத்துவான், மக்கர் பண்ணினால் உருட்டிவிட்டு ஸ்டார்ட் எடுக்க. பத்து நாள் கழித்து ஒரு மழை நாளில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் சமதரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. சாக்குகளை ஏற்றி முடித்து ஸ்டார்ட் போட்டான். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளினோம், சேற்றில் நகரவில்லை. ஆள் கூட்டிவர என்னைக் கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்கு விரட்டினான். ஆட்களோடு நான் திரும்பியபோது லொறி உறுமிக்கொண்டு நின்றது. எப்படி என்று கேட்காமலே ஏறிக்கொண்டேன்.

ஆனால் அதற்குள் மணிக்கணக்காகக் கிடந்த கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிட்டது. பொம்பளைகள் மழையில் நனைந்து பறித்தது மொத்தமும் பாழ்.

ஸ்டோர் வாசலில் தோட்டத்துத் துரை கத்தினார். "பற்றரி யாரு பாத்தது?"

எண்ணெய்த் துணியைப் பிசைந்துகொண்டு நான் தரையைப் பார்த்தேன்.

"நாந்தாங்க தொரை" என்றான் அவன்.

மறுநாள் லொறிக்கு வேறு டிரைவர் வந்தார். அவனைப் புல்வெட்டுக்குப் போட்டார்கள். நான் மட்டும் கிளீனராகவே இருந்தேன். எல்லாரையும் கேலி பண்ணும் இந்த வாய் அவனைக் கண்டால் மட்டும் ஒட்டிக்கொள்ளும்.

நேற்றுக் காலை அவனை மறித்தேன். "அன்னைக்கு நா கவ்வியக் கழட்டவே இல்லடா. டீய ஊத்திட்டு கிரீஸ அப்பிட்டேன்."

சுரண்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு சொன்னான்:

"தெரியும்டா, அந்தக் கிரீஸ வழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுனவனே நாந்தான."