ஊசியக்கா படித்த படிப்பு

ஆஸ்பத்திரியில் யாருக்காவது நரம்பு அகப்படாமல் நர்சுகள் திணறினால், "ஊசியக்காவைக் கூப்பிடு" என்பார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பாதி ஆயுள் கழிந்திருந்தது. அழுகிற குழந்தையிடம், "அந்தப் பக்கம் பாரு, யாரு வர்றா?" என்பாள். குழந்தை திரும்பிப் பார்ப்பதற்குள் ஊசி போய் வந்திருக்கும். அப்படிப்பட்டவளையே ஒருவன் அந்தப் பக்கம் பார்க்க வைத்துவிட்டுப் போனான். பெற்ற மகன்தான்.

துறைமுகக் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். பெட்டியை அவள்தான் அடுக்கிக் கொடுத்தாள். எல்லை தாண்டிப் போய், உலகமே காறித் துப்புகிற ஓர் ஆயுதக் குழுவில் அவன் சேர்ந்திருந்தது, வீட்டுக்கு அதிகாரிகள் வந்து மெத்தையைக் கிழித்துப் பார்த்த அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. பிறகு அந்தக் குழு தோற்றுச் சிதறியது. பிடிபட்டவர்களை அந்த நாட்டிலேயே ஒரு முகாமில் அடைத்தார்கள். மாதம் ஒருமுறை போன் பேச அனுமதி. "லாரி ஓட்டினேம்மா, அவ்ளோதான்" என்றான் மகன். லாரியில் என்ன ஏற்றினான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம்.

புருஷன் என்றோ போய்ச் சேர்ந்துவிட்டான். மிச்சம் இருந்தது மூத்த மகள் ஒருத்தி. அவளுக்கு உறுதியாகியிருந்த பாங்க் வேலை, பின்னணி விசாரணை என்ற பெயரில் கை நழுவியது. இப்போது ஒரு பல் மருத்துவரிடம் வருகிறவர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தாள்.

அவனை நாட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர வழி இருந்தது. ஐந்து பேர் கொண்ட மறுஆய்வுக் குழு. மூன்று பேர் சரி என்றால் போதும். வந்தால் இங்கே வழக்கு நடக்கும், சிறைகூடக் கிடைக்கும். ஆனால் முகாமில் குளிருக்கும் காய்ச்சலுக்கும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே சிறை என்றால் உயிராவது மிஞ்சும்.

அதற்காக அலைந்தபோதுதான் பாஷைப் பிரச்சினை வந்தது. அதிகாரிகளும் வக்கீலும் தீவிரமயமாதல், இடர் மதிப்பீடு என்று பேசிக்கொண்டே போவார்கள். இவள் தலையாட்டிக்கொண்டே இருப்பாள். இப்படியே ஆட்டிக்கொண்டிருந்தால் பையனைத் தாரை வார்த்துவிடுவோம் என்று தோன்றியது. ஒருநாள் பஸ்ஸின் முதுகில் பல்கலைக்கழக விளம்பரத்தைப் பார்த்தாள்: பயங்கரவாத எதிர்ப்பும் பாதுகாப்பும், முதுகலை, மாலை வகுப்பு.

"முட்டி வலிக்கு டாக்டர்கிட்ட போக உனக்கு நேரமில்ல" என்றாள் மகள். "இதுல பயங்கரவாதம் படிக்கப் போறியா?"

"எதிர்ப்புடி. பயங்கரவாத எதிர்ப்பு."

"ஆமா, அது ஒண்ணுதான் குறைச்சல்!"

சேர்க்கைக்கான நேர்காணலில் பேராசிரியர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். "இத்தனை வருஷம் கழிச்சு, ஏன் இந்தப் படிப்பு?"

"மார்க்கெட்ல குண்டு வெடிச்சப்போ அடிபட்டவங்க எங்க ஆஸ்பத்திரிக்குத்தான் சார் வந்தாங்க. ரத்தம் எடுக்க ஒரு பொண்ணோட கையைத் தேடுனேன். கையே இல்ல."

அது உண்மைதான். மீதி உண்மையை அவள் மென்று விழுங்கினாள். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. எழுந்து நின்று கை கொடுத்தார்.

வகுப்பில் எல்லாரும் அவள் பிள்ளைகள் வயது. பட்டாளத்திலிருந்து விலகி வந்த ஒருவனைப் 'பட்டாளம்' என்றே கூப்பிட்டார்கள். விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கிற பெண் ஒருத்தி, எப்போதும் தூக்கக் கலக்கத்தோடு இவளருகில் உட்காருவாள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற ஊசியக்கா, வீங்கிய காலை முன் பெஞ்சின் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டு குறிப்பெடுப்பாள். முதல் பருவத்தில் தட்டுத்தடுமாறினாள். இரண்டாவதில் பிடித்துக்கொண்டாள். பேராசிரியர் எழுதிய கட்டுரைகளையெல்லாம் தேடித் தேடிப் படித்தாள். போனவர்களைத் திருப்பிக் கூட்டி வாருங்கள், இங்கே வைத்து விசாரியுங்கள், அங்கே விட்டால்தான் ஆபத்து என்று பத்து வருடமாக ஒற்றை ஆளாய்க் கத்திக்கொண்டிருந்தவர் அவர். படிக்கப் படிக்க அவளுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது.

ஒரு மாலை, குடும்பங்களைப் பற்றிய பாடம்.

"பெத்தவங்களுக்குத் தெரியாதுங்கறதெல்லாம் சும்மா சார்" என்றான் பட்டாளம். "ஒரே வீட்ல இருந்துக்கிட்டு, பையன் என்ன பண்றான்னு தெரியாமலா இருக்கும்? கண்ணை மூடிக்கிட்டு இருந்திருப்பாங்க."

ஊசியக்கா திரும்பினாள். "உன் பையன் பாக்கெட்ல இப்ப என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா தம்பி?"

"அவனுக்கு மூணு வயசுக்கா. நனைஞ்ச பிஸ்கட்டுதான் இருக்கும்."

வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். ஊசியக்காவும் சிரித்தாள், சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், மற்றவர்கள் ஓய்ந்த பிறகும் கொஞ்சம் சிரித்தாள்.

"என்னக்கா, நம்ம ஜோக்குக்கு இவ்ளோ மரியாதையா?" என்றான் பட்டாளம்.

இரண்டாம் ஆண்டில், முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களைப் பற்றி ஆய்வு எழுதப் போவதாகச் சொன்னாள். பேராசிரியர் தானே வழிகாட்டுவதாக முன்வந்தார். "உங்களை மாதிரி பொறுமையா ஒருத்தர் படிச்சு நான் பாத்ததில்ல" என்றார். அன்று மட்டும் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் ஆய்வு போய்விடும், இவரும் போய்விடுவார். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் வக்கீல் ஒருநாள் உற்சாகமாகப் பேசினார். "குழுவுல யார் யாருன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்கம்மா, பாதுகாப்புக் காரணம். அவங்க கோப்புலயும் நம்ம பேரு இருக்காது, நம்பர்தான். ஆனா காதுல விழுந்ததைச் சொல்றேன். ரெண்டு பேரு கல்லு மாதிரி, அசைய மாட்டாங்க. ரெண்டு பேரு நம்ம பக்கம் சாய்வாங்க. அஞ்சாவது ஆளு இருக்காரே, எல்லாக் கேஸ்லயும் கூட்டிட்டு வரணும்னுதான் எழுதறாரு. நம்ம பையன் வந்த மாதிரிதான்னு வெச்சுக்கங்க."

விசாரணை நாளன்று மகளும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். அவளை வெளி நடையில் உட்கார வைத்துவிட்டு ஊசியக்கா வக்கீலோடு உள்ளே போனாள். ஜன்னல் இல்லாத அறை. நீள மேசைக்குப் பின்னால் ஐந்து நாற்காலி. ஓரத்து நாற்காலியில் பேராசிரியர்.

அவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். முதலில் வகுப்பில் பார்ப்பது போலவே லேசாகச் சிரித்தார். பிறகுதான் அந்த முகத்தில் சிரிப்பு அணைந்தது. அவள் சட்டென்று பார்வையை மேசைமேல் இறக்கிக்கொண்டாள். அந்த ஐந்தாவது ஆள் யாரென்று வக்கீல் சொல்லாமலே விளங்கிவிட்டது.

தலைவராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி, தாளைப் புரட்டிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார். "மனுதாரரை இங்க யாருக்காவது தனிப்பட்ட முறையில தெரியுமா?"

எதற்காக அந்தக் கேள்வி என்று அவளுக்குத் தெரியும். வேண்டப்பட்டவர் ஒருவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது, சொன்னால் அந்தத் தீர்ப்பையே நாளை தூக்கி எறிந்துவிடலாம் என்று அவளுக்குப் பாடம் நடத்தியவரே பேராசிரியர்தான். தேர்வில் அதைப் பற்றி அவள் எழுதிய விடையில் 'அருமை' என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

சும்மா இருங்க சார் என்று மனதுக்குள் கெஞ்சினாள். இந்த ஒரு தடவை வாயைத் திறக்காம இருங்க.

நீதிபதி அடுத்த தாளுக்குப் போய்விட்டார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "என் மாணவி. நான் விலகிக்கறேன்."

நாற்காலியைச் சத்தம் வராமல் பின்னுக்குத் தள்ளிவிட்டு வெளியே போனார். வக்கீலின் முகம் வெளுத்துவிட்டது. மீதி நான்கு பேர் இவளிடமும் வக்கீலிடமும் என்னென்னவோ கேட்டார்கள். இரண்டு வருடம் படித்த அத்தனை சொல்லும் நாக்கில் வந்து நின்றது. ஒன்றுக்கும் தடுமாறாமல் அவர்கள் பாஷையிலேயே பதில் சொன்னாள். ஒருவர் வியப்போடு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பிறகு இவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பேசினார்கள். இரண்டுக்கு இரண்டு. விலகியவருக்கு மாற்று ஆள் கிடையாது; மூன்று கிடைக்காததால் மனு தள்ளுபடி.

படிக்கட்டருகே பேராசிரியர் காத்திருந்தார். முடிவைக் கேட்காமலே முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா சேத்துருப்பீங்களா சார்?"

"மாட்டேன்" என்றார். "சேத்துருக்க மாட்டேன். உங்க பையன் வந்துருப்பான்."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "படிப்பை விட்டுடறேன் சார். அடுத்த தடவை நீங்க..."

"இனிமே எப்பவும் உங்க கேஸ்ல நான் உக்கார முடியாதும்மா. நீங்க விட்டாலும் சரி, விடலன்னாலும் சரி." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "நான் பேசாம இருந்திருக்கலாம். இருந்திருந்தா நாளைக்கு யாராவது கண்டுபிடிச்சு, இதுக்கு முன்னாடி நான் கொண்டு வந்த அத்தனை பேரையும் கேள்வி கேப்பாங்க."

"தெரியும் சார்" என்றாள். தெரிந்திருந்ததுதான் தாங்க முடியவில்லை. ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது தீர்த்திருக்கலாம்.

மகளிடம் பஸ்ஸில் சொன்னாள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது.  இறங்கும் இடம் வந்ததும்தான் மகள் கேட்டாள். "தம்பிகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நான்தான சேர்ந்தேன். நானே சொல்றேன்."

போன் வந்தபோது ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பஸ்ஸின் முதுகில் பார்த்த விளம்பரம், பேராசிரியர், ஓரத்து நாற்காலி, எல்லாம். மறுமுனையில் காற்றும் யாரோ அதட்டுகிற சத்தமும் மட்டும் கேட்டன.

"தம்பி, இருக்கியாடா?"

"இருக்கேம்மா." அவனே கேட்டான். "அந்த சாருக்கு என்னைக் கூட்டிட்டு வரணும்னு இருந்துச்சா?"

"இருந்துச்சுடா."

"லாரியில என்ன ஏத்துனேன்னு அவருக்குத் தெரியுமா?"

 "கோப்புல எல்லாம் இருந்திருக்கும். படிச்சிருப்பாரு."

"படிச்சிட்டும் கூட்டிட்டு வரணும்னு நெனச்சாரா?"

"ஆமாடா."

"நீ கேட்டதே இல்லியேம்மா" என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "சொல்லு" என்றாள். "இப்ப கேக்கறேன். என்னடா ஏத்துனே?"

அவன் சொல்ல ஆரம்பித்தான்.  நேரம் முடிந்து முகாம்காரர்களாக இணைப்பைத் துண்டிக்கும் வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.