அம்மா பக்கம் திரும்பியிருந்த கண்ணாடி

துருப்பிடித்த கதவுக் கீலுக்கு இன்று மண்ணெண்ணெய் விட்டேன். அந்த வாடையில், யுத்த காலத்துப் பாலக்கரையில் அத்தா ஓட்டிய வாடகைக் கார் நின்ற தகரக் கொட்டகை மறுபடி எழுந்து நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் அதில்தான் ஜீயபுரம் போவோம். பின்சீட்டைச் சுற்றிப் பச்சைத் திரை. அதற்குள் மட்டும் அம்மா முக்காட்டை இறக்கிவிட்டு, வாழைத்தோப்புக் காற்றில் திரை உப்பி உப்பி அடங்க, என் தலையில் பேன் பார்த்தபடி வருவாள். பின்னால் வரும் வண்டிகளைப் பார்ப்பதற்கான சின்னக் கண்ணாடியை அத்தா அவள் முகத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்.

அம்மா மௌத்தாகி அடக்கமான வருஷமே பெட்ரோலும் கிடைக்காமல் போக, காரை விற்றார். அந்தக் கண்ணாடியை மட்டும் கழற்றிக்கொள்ளப் பார்த்தார். எவ்வளவு மண்ணெண்ணெய் விட்டும் துருவேறிய திருகாணி அசையவில்லை; அவர் விரல்தான் கிழிந்தது.

"விடுங்க பாய், இன்னும் நெம்புனா உடைஞ்சிடும்," என்றார் காரை எடுத்துப்போக ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த டிரைவர். ஏறி உட்கார்ந்தவர் சிரித்தார். "ரோடே தெரியலையே. பின்சீட்டைப் பார்த்துக்கிட்டா ஓட்டுனீங்க?"

கண்ணாடியைத் திருப்ப நீண்ட அவர் கையை அத்தா பிடித்துக்கொண்டார்.

"தெருமுனை தாண்டுற வரைக்கும் அதைத் தொடாதீங்க."